கேட் பாஸில் வெளியே வந்த விரால்

சேசு மரி சூசை துணை

மண்ணூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் ஃபிரடிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், உன் அப்பா, உன் அண்ணன் ரிச்சர்ட், அண்ணி, அவர்கள் மகள் ஜோஸ்லின் எல்லோரும் கஞ்சியோ கூழோ வேளைக்குக் குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அந்த ஜெர்மனியில் நீயும் மருமகளும் என் சின்னப் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள், சளி பிடித்ததே போயிற்றா என்று ஒரு வரியாவது எழுது. போன் இருக்கும்போது கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ஜோஸ்லின் போட்டுக் கொடுத்துவிட்டாள். பத்து மாதம் சுமந்த அம்மாவை வேகமாக ஓடவிட உனக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. காகிதத்தை ஓடவிட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தாலும் நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு என் சிலேட்டைத்தான் சிஸ்டர் தூக்கிக் காட்டுவார்கள், படிக்கச் சிரமம் இருக்காது. ஜோஸ்லினைப் பெண் பார்க்க வந்த கதையை ரிச்சர்ட் பாதி சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டான் என்றாய். முறையாகச் சொல்கிறேன், நீ பாட்டுக்கு முடிவைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

பையன் பெயர் ஜோயல். நம் ஏரிக்குப் பின்பக்கம் காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனி இருக்கிறதே, அதில் குவாலிட்டியில் வேலை. ஜோஸ்லின் அங்கேதான் அக்கவுண்ட்ஸ். கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போய்வந்து பிடித்துப்போய், வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லாத பையன், அம்மா ஜெபமணியம்மாள் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், மகன் படப்பையில் பிளாட் வாங்கியதும் இங்கே வந்தவர். அவர்கள் சி.எஸ்.ஐ., நாம் ஆர்.சி., அதில்தான் சிக்கல் வரும் என்று நான் நவநாள் ஜெபமெல்லாம் ஆரம்பித்தேன். நம் சாமியாரும் அவர்கள் சபைப் போதகர் ஐயரும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது எங்கே என்று கேள், மீனில். முதல்முதலாக அந்த அம்மாள் என்னோடு போனில் பேசியபோது, நாங்கள் ஆற்று மீன் தின்று வளர்ந்தவர்கள், ஏரி மீன் சேற்று வாடை அடிக்கும், அதிலும் கம்பெனி நடுவில் இருக்கிற ஏரி, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெண் எங்கள் வீட்டுச் சமையலுக்கு எப்படிப் பழகுவாளோ என்று இழுத்தார். பெண் கறுப்பு என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஏரியைச் சொன்னதும் எனக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்த மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வாருங்கள், எங்கள் ஏரித் தண்ணீரில் வளர்ந்த விராலில் குழம்பு வைக்கிறேன், வாடை அடித்தால் பெண்ணைப் பார்க்காமலே எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் சளைக்காமல், சரி, முதலில் மீனைப் பார்க்கிறேன், அப்புறம் பெண்ணைப் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். ஆக ஜோஸ்லின் கல்யாணம் ஒரு மீன் வாலில் தொங்க ஆரம்பித்தது. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, டிபன் பாக்ஸை மட்டும் டங்கென்று வைத்தாள்.

எனக்கு என்ன தெரியும், இந்த முழங்காலோடு நான் ஏரிக்கரைப் பக்கம் போயே வெகுகாலம் ஆயிற்று. ஏரி என்றால் விரால் இருக்கும், வீடு என்றால் வாசல் இருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வலை போடுகிறவர்களோடு போய்விட்டுப் பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவந்ததைப் பார்த்து, ஐயோ இது என்ன பிராணி என்றேன். கறுப்பாக, உடம்பெல்லாம் ஓடு, வாய் அடிவயிற்றுப் பக்கம், ஹெல்மெட் போட்ட பல்லி மாதிரி ஒன்று. வலை நிறைய அதுதானாம், வலையையும் கிழித்துவிட்டதாம். கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் தின்ன வளர்க்கிற டேங்க் கிளீனர், பெரிதானதும் பாவம் பார்த்து யாரோ ஏரியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அது குடும்பம் குட்டியோடு செட்டில் ஆகிவிட்டது. கரையில் போட்டால் சீக்கிரம் சாகவும் மாட்டேன் என்கிறது, நம்மையே முறைக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

நம் மாடி ரூமில் ரஞ்சனி என்று ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள், காலேஜுக்காக ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீர் பிடித்துப் பார்க்கிற படிப்பு. அவளிடம் விசாரித்தேன். விராலும் குறவையும் குஞ்சு வைக்கிற கரையோரக் கோரையை மண் அள்ளுகிற மிஷின் வாரிவிட்டது, செம்பரம்பாக்கம் திறந்துவிட்ட அந்தப் பெருமழைக்கு அப்புறம் எங்கிருந்தோ ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு வந்து சின்ன மீனையெல்லாம் காலி செய்துவிட்டது என்றாள். அதோடு விடாமல், உலகம் முழுக்கச் சூடு ஏறுகிறது, தண்ணீர் சூடானால் அதில் இருக்கிற காற்று குறைந்துபோகும், கெண்டையும் அயிரையும் மூச்சு முட்டிப்போகும் என்றாள். ஏ.சி. நின்றுபோன கம்பெனி பஸ் மாதிரி என்றேன், அதேதான் ஆயா என்றாள். மழையைக் கேட்டேன். முன்னெல்லாம் ஐப்பசி கார்த்திகை முழுக்க ஒழுங்காக வேலை பார்த்த மழை, இப்போது ஒரே நாளில் மொத்தமாக ஓ.டி. செய்துவிட்டு லீவில் போய்விடுகிறதே என்றேன், அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். சரி, நம்மூர் மீன் என்று ஜிலேபியாவது மிச்சம் இருக்கிறதே என்று ஆறுதலுக்குச் சொன்னேன். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று குண்டைத் தூக்கிப் போட்டாள். என் கல்யாண விருந்தில் போட்ட மீனடா அது, நான் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏரியை மூடிக்கிடக்கிற ஆகாயத் தாமரையாவது நம்முடையதா என்று கேட்கப் போனேன், அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வெளியாட்கள் வருவதில் எனக்கு ஒன்றுமில்லை, நம் மாடியில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை ஊர்ப் பிள்ளைகள், வாடகை தருகிறார்கள், தீபாவளிக்கு ஸ்வீட் தருகிறார்கள். இந்த மீன் என்ன தருகிறது. நீகூட உங்கள் ஊர் ஏரி குளிரில் கல்லாக உறையும், மேலே சறுக்கி விளையாடலாம் என்று சொன்னாய், போன வருஷம் உறையவே இல்லை, பாப்பா அழுதாள் என்றாய். அப்போது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

உன் அப்பா பூந்தமல்லி மார்க்கெட்டில் வளர்ப்பு விரால் வாங்கிவந்துவிடலாம், அந்த அம்மாளுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். ஏரித் தண்ணீர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மார்க்கெட் மீனை வைக்கமாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மண்ணாங்கட்டி வந்தான். நம் மேட்டுத் தெரு மண்ணாங்கட்டிதான், அந்த பிரேக் கம்பெனியில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை, செடிக்குத் தண்ணீர் விடுகிறான். கம்பெனிக் காம்பவுண்டுக்குள் ஒரு குட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்னே அது நம் ஏரித் தண்ணீர் வந்து தங்குகிற தாங்கல், சுவர் வைத்தபோது உள்ளே போய்விட்டது. சுவர் இருப்பதால் அந்த ஓட்டு மீனும் போகவில்லை, மிஷினும் போகவில்லை, கோரை அப்படியே இருக்கிறது, விரால் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன் அக்கா என்றான். ஏரித் தண்ணீர்தானே, சுவர் கட்டினால் தண்ணீருக்குச் சாதி மாறிவிடுமா என்று நானும் சரி என்றேன். ஞாயிறு காலையில் தவளையைத் தூண்டிலில் போட்டுப் பிடித்தும் விட்டான், என் முழங்கை நீளம், பாம்பு மாதிரி தலை. கேட்டில் செக்யூரிட்டி கோபால் சும்மா விடவில்லை. அவனுக்கு முன்னே இருந்தவன் செப்புக் கம்பி வெளியே போனதில் வேலை போனவன், அதனால் இவன் ஒரு காய்ந்த இலை வெளியே போனாலும் சீட்டு எழுதுகிற ஆள். மீன் ஒன்று, உயிருடன், திரும்ப வராது, நான்-ரிட்டர்னபிள் என்று கேட் பாஸ் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் விட்டிருக்கிறான்.

மீன் வீட்டுக்கு வந்தது. பெயிண்ட் பக்கெட்டில் மூடி போட்டு வைத்தோம், இல்லாவிட்டால் எகிறிவிடும். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புளி கரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டேன். உன் அப்பா விராலின் வழவழப்பை எடுக்கச் சாம்பலைக் கையில் அள்ளிக்கொண்டு மீன் உரசுகிற கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மண்ணாங்கட்டி போன் செய்கிறான், தூண்டிலை எடுக்கத் திரும்பக் குட்டைக்குப் போனானாம், அவன் குரலே சரியில்லை.

“அக்கா, அறுத்துடாத. குஞ்சு காத்துக்கினு இருந்த மீனு அது. செவசெவன்னு குஞ்சுங்க மேல வந்து தேடிக்கினு கீது.”

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், குஞ்சு காக்கிற விராலை யாரும் தொடமாட்டார்கள், தெரியாமல் பிடித்தாலும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மற்ற மீன் ஒரு பொழுதில் அத்தனை குஞ்சையும் தின்றுவிடும். உன் அப்பா சாம்பல் கையோடு என்னைப் பார்த்தார். அவர்கள் வண்டி ஏறியிருப்பார்கள், மீன் இல்லாவிட்டால் பெண்ணே பார்க்கமாட்டேன் என்று சொன்ன அம்மாள், நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இதில் எனக்குப் போனால் வாய்ச்சவடால் போகும், ஜோஸ்லினுக்குப் போனால் வாழ்க்கை போகும். அவள் நாங்கள் பேசியதைக் கேட்டுத் தலையில் பூவோடு அடுப்படிக்கு வந்து பக்கெட் மூடியைத் திறந்து பார்த்தாள். கொண்டுபோய் வுட்டுடு ஆயா, குழம்பை நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு முட்டையை வேகப் போட்டாள். நான் பக்கெட்டைத் தூக்கிவிட்டேன்.

உன் அப்பாவின் மொபெட்டில், பின்னால் பட்டுச்சேலையோடு நான், மடியில் பக்கெட், பக்கெட்டுக்குள் அது டொம் டொம் என்று முட்டிக்கொண்டு வருகிறது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சீர் வரிசையா என்று கேட்டார்கள். கேட்டில் கோபால் கையை நீட்டி நிறுத்தினான்.

“நான்-ரிட்டர்னபிள்னு எழுதிக் குட்த்தாச்சு பெரிம்மா. இப்ப இன்னான்னு உள்ள வுடறது?”

வெளியே போன பொருள் திரும்ப வந்தால் இன்வாய்ஸ் வேண்டுமாம், சப்ளையர் பெயர் வேண்டுமாம், ஸ்டோர்ஸில் முத்திரை வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்ஸ் லீவாம். சப்ளையர் கடவுள் என்று எழுதிக்கொள் என்றேன், அவருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதா என்று முகத்தைச் சுளிக்காமல் கேட்கிறான். உன் அப்பா ரகசியமாக, சுவருக்கு மேலே வீசிவிடலாமா என்றார், அது கோபால் காதில் விழுந்து, மேலே கேமரா இருக்கிறது என்று விரலைக் காட்டினான். உள்ளே மண்ணாங்கட்டி குட்டை ஓரத்தில் குச்சியை வைத்துக்கொண்டு குஞ்சுப் பக்கம் வருகிற மீனையெல்லாம் விரட்டிக்கொண்டு நிற்கிறான். நான் இங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பக்கெட்டோடு உட்கார்ந்துவிட்டேன், தர்ணா மாதிரி. அந்தச் சமயம் நம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கார் வந்து நின்றது. ஜன்னலில் ஜெபமணியம்மாள். போட்டோவில் பார்த்த சம்பந்திக் கிழவி கம்பெனி கேட்டில் பக்கெட்டோடு உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்க, நான் அவரைப் பார்க்க, எழுந்து கும்பிடலாம் என்றால் முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

ஜோயல் இறங்கி வந்தான். நல்ல உயரம், புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டு தொங்குகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டான். கோபால் அவனுக்கு சல்யூட் வைத்துவிட்டு அதே சட்டத்தைச் சொன்னான். ஜோயல் யோசித்து, கஸ்டமர் ரிட்டர்ன் என்று ஒரு வழி இருக்கிறதே, வாங்கினவர் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளலாமே என்றான். சரி, ரிஜெக்ஷன் காரணம் என்ன என்று கோபால். குஞ்சு இருக்கிறது என்று நான். அந்தக் காரணம் லிஸ்டில் இல்லை என்று கோபால். அப்படியானால் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் என்று போட்டு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஜோயல். பொருளைப் பார்க்காமல் எப்படிப் போடுவது என்று சொல்லி அந்தக் கோபால் பக்கெட் மூடியைத் திறந்தானே பார்க்கலாம். சடாரென்று எகிறி, அவன் தொப்பியைத் தட்டிவிட்டு, ரோட்டில் விழுந்து, நெளிந்து நெளிந்து நேராக லாரி வருகிற பக்கம் போகிறது. உன் அப்பா குனிந்தார், வழுக்கிவிட்டது. ஜோயல் இரண்டு கையாலும் பிடித்தான், சட்டையெல்லாம் கோழையாகி அதுவும் நழுவிவிட்டது. காரிலிருந்து ஜெபமணியம்மாள் இறங்கினார். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் சொருகினார், தலைக்குப் பின்னால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொடுத்து ஒரே அழுத்து, தூக்கிவிட்டார். மீன் அசையவில்லை. நானே அப்படி ஒரு பிடியைப் பார்த்ததில்லை, சொல்ல மனசில்லை என்றாலும் சொல்கிறேன். எதற்காக இது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். உங்களுக்கு வைக்க இருந்த மீன் இதுதான், இதைத் தவிர வேறு மீன் இல்லை, குழம்பில் இப்போது முட்டை கிடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கேட்டைப் பார்த்துத் திரும்பினார்.

“ஏய்யா, கதவத் தெற. தாயப் பிள்ளைங்ககிட்ட விடுததுக்கு என்னத்துக்குச் சீட்டு?”

கோபால் கேட்டைத் திறந்துவிட்டான். திறந்துவிட்டு, எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று மட்டும் எழுதிக்கொண்டான். மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போக, நாங்கள் எல்லாம் பின்னால் தேர் இழுக்கிற மாதிரி போனோம். கோரை ஓரமாக மெதுவாக விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தண்ணீருக்கு மேலே குங்குமம் கொட்டின மாதிரி அந்தச் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் வந்தது, அதற்குக் கீழே கறுப்பாக அதன் நிழல். மண்ணாங்கட்டி குச்சியைக் கீழே போட்டான்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் முட்டைக் குழம்பு சாப்பிட்டோம். ஜோஸ்லின் பரிமாறினாள். அந்த அம்மாள் சாப்பிடுகிறார், இரண்டாம் தடவை குழம்பு கேட்கிறார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பொறுக்க முடியாமல் உங்கள் ஆற்றில் இப்போது என்ன மீன் வருகிறது என்று கேட்டேன், சண்டைக்கு இழுக்கத்தான் கேட்டேன். அவர் விரலை நக்கிவிட்டு, ஓடு போட்ட கறுப்பு மீன் என்றார். அங்கேயும் அதுதானாம், இவர் தம்பியின் வலையை அது கிழித்துப் போட்டதில் தம்பி மீன் பிடிக்கப் போவதையே விட்டுவிட்டாராம், படப்பையில் இவர் குழம்பு வைப்பது ஐஸ் பெட்டி மீனில்தானாம். அப்புறம் போனில் அவ்வளவு பேசினீர்களே என்றேன். நீங்களும்தான் பேசினீர்கள் என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, புரை ஏறி உன் அண்ணி வந்து இரண்டு பேர் தலையிலும் தட்டினாள். நடுவில் ரஞ்சனி மாடியிலிருந்து வந்து, விராலில் அப்பாதான் அதிகமாகக் குஞ்சு காக்கும், நீங்கள் விட்டது ஆண் மீனாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து உன் அப்பா தெருவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார், உங்கள் மூத்திரத் துணியைக்கூட மாற்றாத மனிதர்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டு, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அந்த அம்மாள் எழுந்துவிட்டார். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டுகிறார். ரிச்சர்டுக்கு முகம் செத்துவிட்டது, ஜோஸ்லின் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், ஜோயல் அம்மாவையே பார்க்கிறான். அவர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்ன சொல்லு நிக்கலையே மதினி. அந்தக் குஞ்சுல ஒண்ணு வளந்து எனக்குக் கொழம்பா வாரவரைக்கும் ஒங்க பேத்தி எங்க வீட்ல இருக்கட்டும்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜோஸ்லினுக்கு உடனே புரிந்துவிட்டது, கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. அந்தக் கடன் என்றைக்கும் தீரக்கூடாது, இனிமேல் அந்தக் குட்டையில் யாராவது தூண்டில் போட்டால் நானே காலை முறிப்பேன் என்று மண்ணாங்கட்டியிடம் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கல்யாணம் கூடாது, அதனால் பொங்கல் முடிந்து தேதி வைத்திருக்கிறோம், நம் கோயிலில் திருமணம், அவர்கள் ஐயர் வந்து ஜெபிப்பார். நீ இப்போதே லீவு சொல்லி வை, சித்தப்பா இல்லாமல் மேடையில் நிற்கமாட்டேன் என்று ஜோஸ்லின் சொல்கிறாள். மருமகளை வெறும் வயிற்றில் காபி குடிக்க வேண்டாம் என்று சொல். பாப்பாவுக்கு நெற்றியில் சிலுவை போட்டுத் தூங்க வை. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். டிக்கெட் எடுத்ததும் போன் செய், நான் பேசுவதை மட்டும் மெதுவாகவே கேள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
மதலேனம்மா இருதயசாமி